மதிப்பா, மண்டியிடலா?

இலண்டன் மாநகரில் மீன் வணிகர் சங்கம் ஒன்று இருக்கிறது. பல நூற்றாண்டு கண்ட பழம்பெரும் சங்கம். அதன் முழுப் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், 'வழிபாட்டுக்குரிய மீன் வணிகர் குழாம்' என்று வரும். ரொட்டி சுடுவோர் சங்கமும் அங்கே வழிபாட்டுக்குரியது. தோல் அறுத்துக் காலணி தைப்போர் சங்கமும் வழிபாட்டுக்குரியது. முடி திருத்துவோர் சங்கமும் வழிபாட்டுக்குரியது. இத்தகைய தொழிற் குழாங்கள் அந்நகரில் நூற்றுக்கு மேல் உண்டு. பெரும்பாலானவற்றின் பெயருக்கு முன்னே 'வொர்ஷிப்ஃபுல்' என்ற அடைமொழி அணிசெய்து நிற்கிறது.

நம் ஊர்ப் பழமை விரும்பி ஒருவர் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். செருப்புத் தைப்பவருக்கும் சிகை திருத்துபவருக்கும் வழிபாடா? அபசாரம், அபசாரம் என்று அலறுவார். அலறட்டும்! அந்தச் சொல் பிறந்த கதையைச் சொன்னால் அவருடைய அலறல் இன்னும் ஓங்கும்.

'வொர்ஷிப்' என்ற சொல்லைப் பிளந்து பாருங்கள். முதற்பகுதி 'வொர்த்', தகுதி, மதிப்பு என்பது பொருள். பிற்பகுதி 'ஷிப்', தன்மை என்பது பொருள். நட்பைக் குறிக்கும் 'ஃப்ரெண்ட்ஷிப்' என்ற சொல்லின் ஈற்றிலே இருப்பதும் இதுவே. ஆக, மதிப்புடைமை, அவ்வளவுதான் 'வொர்ஷிப்'. பழைய ஆங்கிலத்தில் அது மனிதனின் தகுதியைக் குறித்த சொல். கடவுளைக் குறித்த சொல்லன்று. 1300ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில்தான் தெய்வத்துக்குச் செய்யும் வழிபாடு என்ற பொருள் அதன்மீது ஏறிற்று. மனிதனிடமிருந்து இரவல் வாங்கப்பட்ட சொல் அது. வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. அது எந்நாளும் தங்கள் சொத்தே என்று பட்டயமும் எழுதிக்கொண்டார்கள்!

ஆங்கிலத்தின் பக்திச் சொற்கள் எல்லாம் இப்படி மதிப்பின் வயிற்றிலே பிறந்தவை அல்ல. 'ரெவரன்ஸ்' என்ற சொல்லின் தாய்வீடு இலத்தீன். அங்கே அதன் வேர்ச்சொல்லுக்கு அஞ்சுதல் என்பது பொருள். 'ஆ' என்று ஒலிக்கும் சிறு சொல் ஒன்று உண்டு. பெருமை கண்டு திகைத்து நிற்றலைக் குறிப்பது. அது வட ஐரோப்பியரின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கேயும் அதன் பொருள் அச்சம்தான். 'டிவோஷன்' என்பது நேர்ந்துவிடுதல். உரோமப் படைத்தலைவன் போர்க்களத்தில் தன்னையும் பகைவரையும் சேர்த்துப் பாதாளத் தெய்வங்களுக்கு நேர்ந்துவிட்டு, தானே பகைப்படைக்குள் பாய்ந்து மாள்கின்ற சடங்குக்கு அந்தப் பெயர்.

ஆகவே, வணக்கச் சொற்களில் இரண்டு குலம் உண்டு. ஒன்று, தகுதி கண்டு தானே எழும் மதிப்பு. மற்றொன்று, தண்டம் கண்டு தலை கவிழும் அச்சம். முதலாவது, மனிதன் மனிதனுக்கு மனமுவந்து அளிக்கும் பரிசு. இரண்டாவது, மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம் பறிக்கும் வரி. ஆதிக்கக்காரர்களின் சூழ்ச்சி என்னவென்றால், இரண்டாவதை வசூலித்துக்கொண்டு, முதலாவதன் பெயரால் பற்றுச்சீட்டு எழுதித் தருவது! அச்சத்தைப் பறித்துக்கொண்டு மதிப்பு என்பார்கள். அடிமைத்தனத்தை வாங்கிக்கொண்டு அடக்கம் என்பார்கள். இல்லத்திலும், திருச்சபையிலும், நீதிமன்றத்திலும், ஆட்சிப் பீடத்திலும் இந்தப் புரட்டு எப்படி நடந்தது, ஆங்கில நாட்டு மக்களே அதை எப்படி எதிர்த்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

முதலில் இல்லம். 1549இல் இங்கிலாந்துத் திருச்சபை பொது வழிபாட்டு நூல் ஒன்றை வெளியிட்டது. அதன் திருமணச் சடங்கிலே, மோதிரம் அணிவிக்கும் மணமகன், தன் உடலால் மணமகளை 'வொர்ஷிப்' செய்வதாக உரைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அந்த நாளில் அதற்கு 'மதிக்கிறேன்' என்ற பழம்பொருளே இருந்தது. ஆயினும் தூய்மைவாதிகள் கொதித்தெழுந்தார்கள். இறைவனுக்குரிய சொல்லை இல்லாளுக்குக் கொடுப்பதா என்று கேட்டார்கள். 1604இல் முதலாம் ஜேம்ஸ் மன்னன் முன்னிலையில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் கூடிய மாநாட்டிலும் அந்த முறையீடு எழுந்தது. மன்னன் அதை நகைத்து ஒதுக்கினான். 1662இல் நூல் திருத்தப்பட்டபோதும் அந்தச் சொல் நின்றது. இருபதாம் நூற்றாண்டில் வந்த புதிய சடங்கு நூல்களில்தான் அதற்கு மாற்றாக 'மதிக்கிறேன்' என்ற சொல் இடம்பெற்றது.

ஆகா, பெண்ணுக்கு எத்தகைய பெருமை என்று வியக்க வேண்டாம். அதே சடங்கிலே மணமகள் என்ன உரைத்தாள்? 'கீழ்ப்படிவேன்' என்று உரைத்தாள்! மணமகன் அந்த உறுதியைச் சொல்ல வேண்டியதில்லை. அவன் வழிபடுவானாம், அவள் கீழ்ப்படிவாளாம்! உலகத்திலே எந்த ஊரில் வழிபடுபவன் கட்டளை இடுவான், வழிபடப்படுவது கைகட்டி நிற்கும்? அதே மணமகன் தன் உலக உடைமை அனைத்தையும் அவளுக்கு அளிப்பதாகவும் சொன்னான். சட்டமோ நேர்மாறாக இருந்தது. அவள் கொண்டுவந்த பணமும் நகையும் மணம் முடிந்த அக்கணமே அவனுடையவை ஆயின. அவள் உழைத்து ஈட்டிய கூலி அவளுக்கே உரியது என்று சட்டம் சொல்ல 1870 வரவேண்டியிருந்தது. தன் சொத்தைத் தானே ஆளும் முழு உரிமை கிடைக்க 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அவளுக்குக் கிடைத்தது வணக்கச் சொல். கிடைக்காதது வங்கிக் கணக்கு!

சொல்லின் மோசடி அத்துடன் நிற்கவில்லை. 1854இல் கவன்ட்ரி பேட்மோர் என்ற கவிஞர் மனைவியைப் 'வீட்டின் தேவதை' ஆக்கிக் காவியம் பாடத் தொடங்கினார். தன்னலமற்றவள், தனக்கென ஒரு விருப்பமும் இல்லாதவள் என்ற அந்த ஓவியம் விக்டோரியா காலத்துக் குடும்பங்களின் சுவரெல்லாம் தொங்கியது. 1931இல் வர்ஜீனியா உல்ஃப் மகளிர் கூட்டமொன்றில் பேசும்போது, அந்தத் தேவதையைக் கொல்வது பெண் எழுத்தாளரின் கடமைகளில் ஒன்று என்றார். கத்தியால் அல்ல, எழுதுகோலால்! பெண்ணைத் தேவதை என்று புகழ்ந்தவர்கள் அவளுக்கு வாக்குச்சீட்டைத் தர மறுத்தார்கள். தெய்வத்துக்கு எதற்கு வாக்கு? தெய்வத்துக்கு எதற்குக் கூலி? உரிமை கேட்டு வந்தவளின் கையிலே ஆராதனையைத் திணித்து அனுப்புவதுதான் ஆதிக்கத்தின் பழைய உத்தி. கேட்டது நெல், கொடுத்தது உமி.

இனித் திருச்சபைக்குச் செல்வோம். ஆங்கிலப் பாதிரியாரின் பெயருக்கு முன்னே 'ரெவரண்டு' என்று இருக்கும். இலத்தீனிலே அதற்குப் 'போற்றத்தக்கவர்' என்று மட்டும் பொருள் இல்லை. 'போற்றியே ஆக வேண்டியவர்' என்று பொருள். வேண்டுகோள் அன்று, கட்டளை! அந்தக் கட்டளைக்குள்ளும் படிக்கட்டு உண்டு. சாதாரணப் பாதிரியார் 'ரெவரண்டு'. பேராலயத் தலைவரான டீன் 'மிக' ரெவரண்டு. பிஷப்புக்கு 'ரைட்' என்ற அடைமொழி சேரும். ஆர்ச்பிஷப்போ 'மிக மிக' ரெவரண்டு. இடையிலே ஆர்ச்டீக்கன் என்பவர் 'வெனரபிள்'. காதல் தெய்வமான வீனசின் பெயரோடு உறவுடைய சொல் அது! பதவி உயர்ந்தால் பக்தியும் ஒரு படி உயர வேண்டும். அன்பையும் அருளையும் அளப்பதற்குச் சம்பள விகிதம்போல் ஒரு விகிதம்! நேற்றுவரை டீனாக இருந்தவர் இன்று பிஷப்பானால், ஓர் இரவிலே அவர் உள்ளத்தில் எத்தனை படி தூய்மை ஏறியது? யார் அளந்தார்கள்?

இந்தப் படிக்கட்டு ஏட்டிலே இருந்த வேடிக்கை மட்டுமன்று; கல்லறைவரை வந்து மனிதனைக் குத்திய முள். லிங்கன்ஷயரில் ஓஸ்டன் ஃபெர்ரி என்று ஒரு சிற்றூர். அங்கே கீட் என்ற வெஸ்லியன் திருச்சபைப் போதகர் இருந்தார். 1874இல் அவருடைய மகள் இறந்தாள். கல்லறைக் கல்லிலே, 'ரெவரண்டு கீட் அவர்களின் மகள்' என்று பொறிக்கத் தந்தை விரும்பினார். ஊர்த் திருச்சபையின் விகார் மறுத்தார். அந்தப் பட்டம் இங்கிலாந்துத் திருச்சபையின் குருமாருக்கே உரியது, பிற சபைப் போதகருக்கு இல்லை என்பது அவர் வாதம். பிஷப்பும் விகாரின் பக்கமே நின்றார். மகளைப் பறிகொடுத்த தந்தை நீதிமன்றப் படி ஏறினார். முதல் திருச்சபை நீதிமன்றம் கைவிரித்தது. மேல் திருச்சபை நீதிமன்றமும் கைவிரித்தது. கடைசியில் 1876இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பு அளித்தது. 'ரெவரண்டு' என்பது எவருடைய தனிப் பட்டமும் அன்று, அது வெறும் புகழ் அடைமொழியே என்றது. கல்லிலே எழுத்து ஏறியது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இருவரும் ஒரே ஏசுவைப் பாடியவர்கள்; ஒரே வேதத்தை ஓதியவர்கள். அன்பே உருவானவன் ஆண்டவன் என்று அரற்றியவர்கள். இறந்துபோன பெண்ணின் கல்லறையிலே, ஒரு சொல்லின் சுருக்கத்துக்காக, ஈராண்டு வழக்கு! அந்தச் சொல்லிலே அன்பு இருந்திருந்தால் பங்கிட்டிருப்பார்கள். அதிலே இருந்தது அதிகாரம். அதனால்தான் வேலி போட்டார்கள்.

மூன்றாவதாக நீதிமன்றம். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நம்முடைய 'நீ', 'நீங்கள்' போன்ற இரு சொற்கள் வழக்கில் இருந்தன. 'தௌ' என்றால் நீ. 'யூ' என்றால் நீங்கள். மேலோனைக் கண்டால் 'யூ'. வேலைக்காரனைக் கண்டால் 'தௌ'. 1603இல் சர் வால்டர் ராலே மீது இராசத்துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக் அவரை வேண்டுமென்றே 'தௌ' என்று அழைத்து அவமானப்படுத்தினார். ஓர் எழுத்து மாறினால் ஒரு மனிதனைக் கீழே தள்ளலாம் என்று கற்ற வழக்கறிஞருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நூற்றாண்டின் நடுவிலே ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் தலையெடுத்தார். செருப்புத் தொழில் பயின்றவர். அவருடைய தோழர்களைக் குவேக்கர்கள் என்று உலகம் அழைத்தது. அவர்கள் கடவுளை நம்பியவர்கள். நம் வழி வேறு, அவர்கள் வழி வேறு. ஆனால் மனிதனுக்கு மனிதன் மண்டியிடுவதை அவர்கள் ஏற்கவில்லை. பிரபுவுக்கும் 'தௌ', பிச்சைக்காரருக்கும் 'தௌ' என்றார்கள். எவர் முன்னும் தொப்பியைக் கழற்றமாட்டோம் என்றார்கள். 'யுவர் வொர்ஷிப்' என்று நீதிபதியை அழைக்க மறுத்தார்கள். அடியும் சிறையும் பரிசாகக் கிடைத்தன.

1670இல் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரு குவேக்கர்கள் இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தெருவிலே கூட்டம் கூட்டிப் பேசினார்கள் என்பது குற்றச்சாட்டு. மன்றத்துக்குள் நுழையும்போது அவர்கள் தலையில் தொப்பி இல்லை. நீதிபீடத்தின் கட்டளைப்படி தொப்பி அவர்கள் தலையில் வைக்கப்பட்டது. பிறகு, தொப்பியைக் கழற்றாமல் மன்றத்தை அவமதித்தார்கள் என்று ஆளுக்கு 40 மார்க் தண்டம் விதிக்கப்பட்டது! மரியாதை தானாக வராவிட்டால், மரியாதைக் குறைவையாவது தயாரித்துத் தண்டிப்போம் என்ற நீதி! நாடகம் அத்துடன் முடியவில்லை. 12 பேர் கொண்ட சான்றோர் குழு, குற்றவாளிகள் அல்லர் என்றது. அவர்களை இரவுகள் முழுவதும் உணவின்றி, நீரின்றி, நெருப்பின்றி அடைத்துவைத்தார்கள். அவர்கள் அசையவில்லை. அவர்களுக்கும் 40 மார்க் தண்டம், கட்டும்வரை சிறை. எட்வர்டு புஷல் என்பவரும் வேறு சிலரும் கட்ட மறுத்து மேல்மன்றம் சென்று வென்றார்கள். தன் மனச்சான்றுப்படி தீர்ப்புச் சொன்னதற்காகச் சான்றோர் குழுவைத் தண்டிக்க முடியாது என்ற பெருநெறி அன்று நிலைபெற்றது.

தொப்பி ஒரு துணித்துண்டுதானே, கழற்றினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர் இன்றும் உண்டு. அவர்களுக்கு நம் விடை இது: தலையிலிருந்து தொப்பியை இறக்க மறுத்த அந்தப் பிடிவாதமும், தலையே போனாலும் தீர்ப்பை மாற்ற மறுத்த உறுதியும் ஒரே மன்றத்தில், ஒரே வழக்கில் கைகோத்து நின்றன. சின்னஞ்சிறு பணிவை மறுக்கக் கற்றவன்தான் பெரிய அநீதியை மறுக்கும் வலிமை பெறுகிறான்.

இன்று ஆங்கிலத்தில் 'தௌ' வழக்கொழிந்தது. அரசருக்கும் 'யூ', தெருக்கூட்டுபவருக்கும் 'யூ'. குவேக்கர்கள் கேட்ட வழியில் அன்று, நேர்மாறான வழியில் சமன்மை வந்தது. எல்லாரையும் நீ ஆக்கவில்லை. எல்லாரையும் நீங்கள் ஆக்கிவிட்டது மொழி. ஆங்கிலக் கதையைத் தமிழாக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? நீதிபதியிடம் பேசும் 'யூ' நம் கையிலே நீங்கள் ஆகிறது. தோட்டக்காரரிடம் பேசும் 'யூ' நம் கையிலே நீ ஆகிறது. மூலத்தில் இல்லாத மேடு பள்ளத்தை நாமே வெட்டுகிறோம். மொழிபெயர்ப்பாளர்களே, பேனாவை எடுக்குமுன் ஒரு நொடி நில்லுங்கள்!

நான்காவதாக ஆட்சிப் பீடம். மன்னராட்சியை உதறி எழுந்த அமெரிக்கா, 1789இல் தன் முதல் தலைவரை எப்படி அழைப்பது என்று விவாதித்தது. 'மேன்மை தங்கிய' என்ற தொடக்கமும் 'உரிமைகளின் காவலர்' என்ற முடிவும் கொண்ட நீண்ட பட்டத்தைச் செனட் குழு ஒன்று முன்வைத்தது. துணைத் தலைவர் ஜான் ஆடம்சும் பெரும் பட்டங்களையே விரும்பினார். மக்களவை மறுத்தது. 'பிரசிடென்ட்' போதும் என்றது. கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரைக் குறித்த எளிய சொல்! பட்டங்களுக்காக வாதாடிய ஆடம்சின் பருத்த உடலைச் சுட்டி, 'உருண்டை மேன்மையார்' என்ற கேலிப் பட்டத்தை அவருக்கே சூட்டினார்கள். பிரபுப் பட்டங்களை வழங்குவதற்கு அந்நாட்டு அரசியல் சட்டமும் தடை விதித்தது. அதே சட்டத்தின் நிழலில் அடிமை வாணிகம் தொடர்ந்தது என்ற கறையையும் மறக்கக் கூடாது. சொல்லிலே வந்த சமத்துவம் வயலுக்கு வர, குருதி கொட்டிய போர் தேவைப்பட்டது.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார். "இவையெல்லாம் பழங்கதைகள். இன்று பக்திச் சொற்கள் நீர்த்துவிட்டனவே! 'அடோர்' என்றால் இலத்தீனில் தெய்வத்தை நோக்கி வேண்டுதல். இன்று ஐஸ்கிரீமை 'அடோர்' செய்கிறார்கள். அச்சம் தரும் பெருமையைக் குறித்த 'ஆஃபுல்' இன்று படுமோசம் என்று பொருள்படுகிறது. அதன் உடன்பிறப்பான 'ஆசம்' தேநீர்க் கோப்பைக்கும் சூட்டப்படுகிறது. பல் உதிர்ந்த பாம்பை ஏன் அடிக்கிறீர்?" என்பார்.

பாதி உண்மை. அச்சச் சொல்லைப் பொதுமக்கள் தேய்த்துத் தேய்த்துத் தேநீர்க் கடைக்கு இழுத்துவந்தார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் பாம்புக்குப் பல் முளைப்பதும் உண்டு. 'ஃபேன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு வீரர்களின், திரை நடிகர்களின் சுவைஞர்களைக் குறிக்கும் சொல். அது 'ஃபனாட்டிக்' என்பதன் சுருக்கம். வெறியர் என்று பொருள். அதன் வேர் 'ஃபானும்', இலத்தீனில் கோயில். அதே வேரிலிருந்து 'ப்ரொஃபேன்' என்ற சொல்லும் வந்தது. கோயிலுக்கு வெளியே இருப்பது என்பது அதன் முதற்பொருள். பிற்பாடு இழிந்தது, தூய்மையற்றது என்று ஆயிற்று. வெளியே நின்றதால் இழிந்ததா, இழிந்தது என்று சொல்வதற்காக வெளியே நிறுத்தினார்களா? நம் நாட்டு வாசகருக்கு இதற்கு விரிவுரை தேவையில்லை. ஆக, கோயிலை விட்டு வெளியேறிய பக்தி, கொட்டகையிலும் ஆடுகளத்திலும் குடியேறியது. பீடம் மாறியது, பித்தம் மாறவில்லை.

அந்தப் பித்தத்துக்குத் தத்துவ முலாம் பூசியவர் தாமஸ் கார்லைல். 1840இல் இலண்டனில் சொற்பொழிவாற்றி, 1841இல் நூலாக வெளியிட்டார். மாவீரர் வழிபாடே சமுதாயத்தின் அடித்தளம் என்பது அவர் கொள்கை. 'ஹீரோ வொர்ஷிப்' என்ற தொடர் அறிவாளர் மன்றங்களில் அரங்கேறியது. தகுதியைக் குறித்த அந்தப் பழைய சொல், தலைவன் காலடியில் விழுவதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

அந்தக் கொள்கை எங்கே கொண்டுபோய் விட்டது? 1865 அக்டோபரில் ஜமைக்காத் தீவின் மோரன்ட் பே என்ற ஊரில், நிலமும் நீதியும் இன்றி வாடிய கறுப்பின மக்கள் பால் போகிள் என்பவர் தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள். கவர்னர் எட்வர்டு அயர் இராணுவச் சட்டத்தை ஏவினார். 400க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சுமார் 600 பேர் சவுக்கடி பட்டார்கள். சுமார் 1000 வீடுகள் எரிக்கப்பட்டன. போகிள் தூக்கிலிடப்பட்டார். சட்டமன்ற உறுப்பினர் ஜார்ஜ் வில்லியம் கார்டன், இராணுவச் சட்டம் இல்லாத கிங்ஸ்டனிலிருந்து, அது நடைமுறையில் இருந்த இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

இங்கிலாந்து இரண்டாகப் பிளந்தது. அயர் மீது வழக்குத் தொடர வேண்டும் என்று எழுந்த குழுவுக்கு ஜான் ஸ்டூவர்ட் மில் தலைமை தாங்கினார். டார்வினும் ஹக்ஸ்லியும் அவர் பக்கம் நின்றார்கள். அயரைக் காக்க எழுந்த குழுவின் முன்னணியில் நின்றவர் யார்? வீர வழிபாட்டின் ஆசான் கார்லைல்! அவருடன் ரஸ்கினும், டிக்கன்சும், டென்னிசனும்! ஏழைச் சிறுவனுக்காகக் கண்ணீர் வடித்த டிக்கன்சின் கண், எரிந்த ஆயிரம் குடிசைகளைக் காணவில்லை. அயர் தண்டனை பெறவில்லை. பின்னாளில் ஓய்வூதியமும் பெற்றார். மனிதனை வழிபடப் பழகிய அறிவு, அவனை விசாரிக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. கேள்வி கேட்பதே அபசாரம் ஆகிவிட்ட இடத்தில் சவத்தை எண்ணுவதும் அபசாரம்தான். ஆனால் காலம் கணக்கைத் தீர்த்தது. விடுதலை பெற்ற ஜமைக்கா போகிளையும் கார்டனையும் தேசிய வீரர்களாக அறிவித்தது. அந்நாட்டு நாடாளுமன்றம் கூடும் இல்லத்துக்குக் கார்டனின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. கவர்னர் அயருக்குக் கிடைத்தது வழிபாடு. கார்டனுக்குக் கிடைத்தது மதிப்பு. இரண்டுக்கும் உள்ள தொலைவு இதுவே!

இந்த ஆங்கிலம் நம் வகுப்பறைக்கு வந்தபோது எதைச் சுமந்து வந்தது? பென்னின் தொப்பியையா? இல்லை, குமாஸ்தாவின் குனிந்த முதுகைச் சுமந்து வந்தது. பள்ளி மாணவன் விடுமுறை விண்ணப்பம் எழுதுகிறான். காய்ச்சல் என்று சொல்ல வேண்டியவன், 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று தொடங்குகிறான். 'பெக்' என்றால் இரத்தல்! தன் உடம்புக்கு வந்த காய்ச்சலைத் தெரிவிக்கவும் அவன் இரந்து நிற்க வேண்டுமா? முடிவிலே 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி', கீழ்ப்படிதலுள்ள! ஆசிரியனாகிய நான் இந்தத் தொடர்களைச் சிவப்பு மையால் அடிக்கிறேன். 'எனக்குக் காய்ச்சல், மூன்று நாள் வர இயலாது, விடுமுறை தருக, நன்றி' என்று எழுதச் சொல்கிறேன். மரியாதை குறைந்துவிட்டதாக முணுமுணுப்பவர் உண்டு. நன்றி என்ற சொல்லிலே இல்லாத மரியாதை, இரக்கிறேன் என்ற சொல்லிலே எங்கிருந்து வந்தது?

இத்தகைய முடிப்புச் சொற்களின் பொய்ம்மைக்கு ஒரு சான்று தருகிறேன். 1804இல் அமெரிக்கத் தலைவர்களான ஹாமில்டனும் பர்ரும் ஒருவரை ஒருவர் சாடிக் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்ற வாசகம்! அந்தக் கீழ்ப்படிதலுள்ள ஊழியர்கள் இருவரும் துப்பாக்கி ஏந்தி எதிரெதிரே நின்றார்கள். ஓர் ஊழியன் மற்றோர் ஊழியனைச் சுட்டுக் கொன்றான். வணக்கச் சொல் வாயிலே; குண்டு வயிற்றிலே!

நம் நீதிமன்றங்களில் 'மை லார்டு' என்ற முழக்கம் வெள்ளையர் விட்டுச்சென்ற எச்சம். லார்டு என்றால் பிரபு. ஆண்டவனுக்கும் அதே சொல். 2006இல் இந்திய வழக்கறிஞர் மன்றம் விதி வகுத்தது. உயர்நீதிமன்றங்களிலும் உச்சநீதிமன்றத்திலும் 'யுவர் ஆனர்' போதும், கீழ்மன்றங்களில் 'சர்' போதும் என்றது. விதி வந்தது, நாக்கு மாறவில்லை. இன்றும் அந்த முழக்கம் கேட்கிறது. சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்று அரசியல் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டு, சட்டம் உறையும் மன்றத்திலேயே ஒருவரை ஆண்டவர் என்று அழைப்பது எந்தக் கணக்கில் சேரும்? இலண்டன் மன்றத்தில் 1670இல் தொப்பியோடு நின்றவர்கள் நம்மைக் கண்டால் என்ன நினைப்பார்கள்?

அப்படியானால் எவரையும் மதிக்கவே கூடாதா, மரியாதை கெட்ட கூட்டமாகத் திரிய வேண்டுமா என்று இறுதிக் கேள்வியை வீசுவர். நாம் மதிப்பை மறுக்கவில்லை. மதிப்பை மீட்கச் சொல்கிறோம். மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன். புத்தகம் கட்டும் கடையிலே வேலை பயின்றவர். கல்லூரி காணாதவர். காந்தத்திலிருந்து மின்சாரம் பிறக்கும் வழியை 1831இல் கண்டுசொன்னார். இன்று இந்த ஏட்டைப் படிக்க விளக்கு எரிகிறதே, அதன் வேரிலே அவர் உழைப்பு இருக்கிறது. அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் வந்தது, மறுத்தார். அறிஞர் கழகமான ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி வந்தது, அதையும் மறுத்தார். வெறும் ஃபாரடேயாகவே வாழ்ந்து மறைந்தார். அவர் பெயருக்கு முன்னே ஓர் அடைமொழியும் இல்லை. நம் உள்ளத்தில் அவருக்குள்ள மதிப்பு எந்த அளவிலாவது குறைந்ததா? தகுதி இருக்கும் இடத்தில் தம்பட்டம் தேவையில்லை. தம்பட்டம் ஓங்கும் இடத்தில் தகுதியைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆகவே இளைஞர்களே, ஆங்கிலத்தை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். அறிவியலின் கதவு அது. உலகத்தின் சாளரம் அது. ஆனால் சொற்களோடு சேர்த்து முதுகு வளைவையும் கற்காதீர்கள். வணக்கச் சொல் ஒன்று உங்கள் வாயில் எழும்போதெல்லாம் அதனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மனிதரிடம் தகுதி கண்டு இதைச் சொல்கிறேனா, தண்டனைக்கு அஞ்சிச் சொல்கிறேனா? இதைச் சொல்லாமல் விட்டால் இழப்பது அவருடைய அன்பையா, அவர் தரும் சலுகையையா? முதலாவதற்கு உள்ளம் தகுதி என்று விடை சொன்னால், தயங்காமல் சொல்லுங்கள். செருப்புத் தைக்கும் தோழருக்கும் சொல்லுங்கள், அந்தச் சொல் பிறந்ததே அதற்காகத்தான். அச்சம் என்று விடை வந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள், நிமிர்ந்து நில்லுங்கள். சொல் மிச்சம், முதுகெலும்பும் மிச்சம்!